ஒரு வீட்டில் எத்தனை வேதாகமங்கள் இருக்கலாம்?

வாசகர் கேள்வி: செப்டம்பர் 3, 2023

சொந்த வீட்டை விட்டு அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாறுகிறோம். அம்மாவின் அலமாரியில் ஆறு வேதாகமங்கள் இருக்கின்றன. ஆறிலும் இருப்பது ஒரே வசனங்கள்தாமே? கைப்பேசியிலும் முழு வேதாகமம் இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். பழைய புத்தகக் கடையில் போடுவது தவறாகுமா?

செப்டம்பர் 3, இரவு

ஒரே வசனங்கள் என்று நீங்கள் எழுதியதை ஏற்க இயலவில்லை. ஈரோட்டில் எங்கள் வீட்டில் ஒன்பது வேதாகமங்கள் இருக்கின்றன. அப்பாரு (அப்பாவின் அப்பா) கையில் வைத்திருந்தது, அப்பாவுடையது, அம்மாவுக்குத் திடப்படுத்தல் ஆராதனையில் கிடைத்தது, எனக்கு ஞாயிறு பள்ளியில் மனப்பாட வசனத்துக்குப் பரிசாகக் கிடைத்தது, திருமணத்தன்று ஆயர் எங்கள் இருவர் கையிலும் சேர்த்து வைத்தது, மனைவியின் திருவிவிலியம், மகனுடையது, மகளுடையது, கண் மங்கிய பிறகு நான் வாங்கிய பெரிய எழுத்துப் பதிப்பு என ஒன்பது.

இவற்றில் மூத்தது அப்பாருவினுடையது. முகப்புத் தாள் கிழிந்து போய்விட்டதால் ஆண்டு தெரியவில்லை. ஆயினும் அது பதினெட்டாம் நூற்றாண்டில் பப்ரிசியுஸ் ஐயர் சென்னை வேப்பேரியில் இருந்து செய்த மொழிபெயர்ப்பின் மறுபதிப்பு என்றே கருதுகிறேன். அந்த மொழிபெயர்ப்பில் கடவுளுக்குப் 'பராபரன்' என்று பெயர். அப்பாருவும் குடும்ப ஜெபத்தை எப்போதும் 'பராபரனே' என்றுதான் தொடங்குவார்.

பழைய புத்தகக் கடையைப் பற்றி: பாவமா இல்லையா என்பதை ஆயரிடம் கேளுங்கள். அந்த மெல்லிய தாளில் நிலக்கடலைகூட நிற்காது என்பதால் கடைக்காரர் உங்களுக்கு நல்ல விலை தரமாட்டார் என்பதை மட்டும் நான் சொல்ல முடியும்.

செப்டம்பர் 4

ஒன்பது அன்று, பத்து. தையல் இயந்திரத்தின் இழுப்பறையில் ஓர் ஆங்கில வேதாகமம் கிடப்பதை மனைவி எடுத்துக் காட்டினார். 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் மொழிபெயர்ப்பு. அம்மாவுக்குப் பள்ளியில் கிடைத்த பரிசு. அம்மா அதை ஒரு நாளும் வாசித்து நான் பார்த்ததில்லை. ரவிக்கைக்கு அளவு வெட்டிய காகிதங்களை மடிப்புக் கலையாமல் வைத்துக்கொள்ள அதைத்தான் பயன்படுத்தினார். இன்னும் நான்கு காகிதங்கள் உள்ளே இருக்கின்றன.

சென்னிமலையில் ஒரு கைத்தறிச் சங்கத்தில் முப்பத்தொரு ஆண்டு கணக்கு எழுதியவன் நான். வீட்டு இருப்பையே தவறாக எண்ணிவிட்டேன்.

செப்டம்பர் 6

முதல் குறிப்பில் நான் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டியிருக்கிறது. கோபிச்செட்டிப்பாளையத்து நண்பர் ஒருவர், ஊகிப்பதைவிட ஆதியாகமத்தின் முதல் வசனத்தைப் பார்த்துவிடலாமே என்று எழுதியிருந்தார். இத்தனை ஆண்டுகளாக எனக்கு அது தோன்றவில்லை. பார்த்தேன். 'ஆதியிலே தேவன் வானத்தையும் பூமியையும் சிருஷ்டித்தார்' என்று இருக்கிறது. பராபரன் இல்லை. ஆகவே அது பப்ரிசியுஸ் அன்று. ஹென்றி பவர் ஐயர் தலைமையில் ஒரு குழு உழைத்து 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பு. இன்றுவரை எங்கள் சபைகளில் வாசிக்கப்படுவது அதுவே. நான் பரிசு வாங்கியதும் அதே வசனங்களைச் சொல்லித்தான்.

தமிழ் வேதாகமத்தின் வயதைக் கண்டுபிடிக்கக் கடவுளின் பெயரைப் பார்த்தால் போதும் என்பது இப்போது எனக்கு நன்றாக விளங்குகிறது. 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க், 1715இல் அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாட்டில் 'சருவேசுரன்' என்று எழுதினார். பப்ரிசியுஸ் அதைப் 'பராபரன்' ஆக்கினார். பெர்சிவல் பாதிரியாரோடு சேர்ந்து ஆறுமுக நாவலர் உழைத்து 1850இல் வெளிவந்த மொழிபெயர்ப்பில் 'தேவன்' வந்தது. பவர் குழு அதையே வைத்துக்கொண்டது. சைவத்தை வளர்த்த நாவலர் எங்கள் வேதாகமத்தின் வழியில் ஓர் அடி எடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பதை அப்பாரு அறிந்திருப்பாரா என்று நினைத்துப் பார்க்கிறேன். இருபதாம் நூற்றாண்டில் லார்சன் பாதிரியாரின் திருத்தத்தில் 'கடவுள்' என்று ஆனது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பிலும் கடவுள்தான்.

அப்படியானால் அப்பாருவுக்குப் பராபரன் எங்கிருந்து வந்தார்? அவர் படித்த புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை. அவருடைய அப்பாருவின் வாயிலிருந்து வந்திருக்க வேண்டும். 1830இல் இலண்டன் மிஷன் கோயம்புத்தூருக்கு வந்தபோது கேட்ட ஜெபங்கள் பழைய மொழிபெயர்ப்பின் சொற்களில்தான் இருந்திருக்கும்; புத்தகம் மாறிய பிறகும் வாய் மாறவில்லை. பக்கத்து வீட்டு முதலியார் இதைக் கேட்டுவிட்டுத் தாயுமானவரின் பராபரக் கண்ணியிலிருந்து இரண்டு கண்ணிகளைச் சொல்லிக் காட்டி, 'உங்கள் அப்பாரு எங்கள் ஆள்' என்றார். வழக்கை அப்படியே விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 9

அப்பாருவின் பைபிளைப் பற்றி இன்னும் எழுத வேண்டும். அவர் உபதேசியாராக இருந்தவர். பெருந்துறை, ஊத்துக்குளி, சென்னிமலை, காங்கேயம் என்று நடந்தும் மாட்டு வண்டியிலும் போய் வந்தவர். எந்த ஊரில் எந்த வசனத்தை வைத்துப் பேசினாரோ அந்த வசனத்தின் பக்க ஓரத்தில் ஊரின் பெயரையும் அன்றைய நிலவரத்தையும் பென்சிலில் குறித்து வைப்பார். 'ஊத்துக்குளி, சந்தை நாள், பதினொரு பேர்.' 'பெருந்துறை, காய்ச்சல்.' 'சென்னிமலை, தறி நிறுத்தம்.' பிரசங்கக் குறிப்பு என்று எதுவும் கிடையாது. ஒரு மனிதன் நடந்த தடம் மட்டும் இருக்கிறது. நான் எழுதிய பேரேடுகளில்கூட இவ்வளவு குறைந்த சொற்களில் இவ்வளவு சொன்னதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது முதலாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தில் உள்ளது. மூன்றாண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு எலியா மழைக்காக வேண்டிக்கொள்ளும் இடம். வேலைக்காரன் ஏழாம் முறை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வந்து, 'உள்ளங்கை அத்தனை சிறிய மேகம்' எழும்புவதாகச் சொல்வான். அந்த வசனத்துக்கு நேரே அப்பாரு 'காங்கேயம், மழை இல்லை' என்று எழுதியிருந்தார். காங்கேயம் பக்கத்து மேட்டாங்காட்டை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. மழைக்காக வானத்தைப் பார்த்திருக்கும் கூட்டத்தின் முன் நின்று அந்த அதிகாரத்தை வாசிப்பதற்குத் துணிவு வேண்டும்.

'எழுதியிருந்தார்' என்று இறந்த காலத்தில் எழுதியதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு முதுகு பிரிந்து தாள்கள் கழன்றதால் அதை ஒரு பைண்டரிடம் கொடுத்தேன். புதிதாகத் தைத்து, காலிகோ ஒட்டி, அழகாகத்தான் கொடுத்தார். ஆனால் தாள்களைச் சமப்படுத்துவதற்காக மூன்று ஓரங்களையும் இயந்திரத்தில் வைத்து வெட்டிவிட்டார். இடப்பக்கத் தாள்களில் அப்பாருவின் முதலெழுத்துகளும் வலப்பக்கத் தாள்களில் கடைசி எழுத்துகளும் போய்விட்டன. ஊத்துக்குளி இப்போது 'துக்குளி' ஆகியிருக்கிறது. கேட்டால், ஓரத்தில் கிறுக்கியிருந்ததைத்தானே வெட்டினேன் என்கிறார். அந்த மனிதரை என்னால் இன்னும் மன்னிக்க இயலவில்லை; எந்தப் பைபிளைக் காப்பாற்ற அவரிடம் போனேனோ அந்தப் பைபிள் என்னை மன்னிக்கச் சொல்கிறது.

செப்டம்பர் 10

நேற்று எழுதியதை மனைவி வாசித்துவிட்டார். 'சுத்தமாகப் பண்ணிக் கொடுங்க, ஓரமெல்லாம் பிசிறாக இருக்குது' என்று கடையில் நின்று சொன்னது நான்தான் என்றும், தான் பக்கத்தில் நின்று கேட்டதாகவும் சொல்கிறார். எனக்கும் இப்போது நினைவு வருகிறது. பைண்டர் மீதுள்ள குற்றத்தில் பாதியைத் தள்ளுபடி செய்கிறேன்.

செப்டம்பர் 16

மனைவியின் திருவிவிலியம் ஏன் தனியாக வேண்டும், இரண்டும் தமிழ்தானே என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

மனைவி கருமத்தம்பட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். திருமணமாகி வந்தபோது அவரிடம் வேதாகமம் இல்லை. செபமாலையும் ஒரு செபப் புத்தகமும் இருந்தன. என் மாமியார் பேச்சில் பவுல் என்றால் சின்னப்பர், பேதுரு என்றால் இராயப்பர், யோவான் என்றால் அருளப்பர். எங்கள் பிள்ளைகள் வெகு காலம் சின்னப்பர் என்பவர் அம்மா வழியில் அடிக்கடி கடிதம் எழுதும் ஓர் உறவினர் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வகையில் அது சரியும்கூட.

பொது மொழிபெயர்ப்பு வந்த பிறகு மனைவி அதை வாங்கினார். கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து செய்தது. எங்கள் 66 நூல்களோடு தோபித்து, யூதித்து, மக்கபேயர் முதலிய ஏழு நூல்கள் சேர்ந்து அதில் 73 இருக்கின்றன. அப்பா பொருளடக்கத்தைப் பார்த்துவிட்டு, 'மருமகள் வந்து இத்தனை வருசம் கழித்து ஏழு புத்தகம் சீர் கொண்டு வந்திருக்குது' என்றார். அதற்கு மேல் அதைத் தொடவில்லை.

பிறகு அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்தது. அறுவைக்கு நாள் குறித்து, சர்க்கரை குறையக் காத்திருந்த மாதத்தில் அவரால் எதையும் வாசிக்க இயலவில்லை. மாலையில் மனைவிதான் வாசித்துக் காட்டுவார். ஒரு நாள் தன்னுடைய புத்தகத்திலிருந்து தோபித்தை எடுத்தார். சுவரோரம் படுத்திருந்த தோபித்தின் கண்களில் குருவிகளின் எச்சம் விழுந்து வெண்படலம் உண்டாகிப் பார்வை போகிறது. பிறகு மகன் மீனின் பித்தத்தைக் கண்களில் தடவ, படலம் உரிந்து வருகிறது. முதல் காட்சியாகத் தகப்பன் மகனைப் பார்க்கிறான். அப்பா இது எங்கள் வேதத்தில் இல்லாத கதை என்று இரண்டு முறை சொன்னார். மறுநாள் மாலை, 'அந்தக் குருவி எச்சக் கதையைப் படி கண்ணு' என்றார். அறுவைக்குப் போகும் நாள் வரை வேறெதையும் வாசிக்கவிடவில்லை. கட்டுப் பிரித்த அன்று அவர் முதலில் பார்த்தது என்னை அல்ல, மருத்துவமனைச் செவிலியரை. தோபித்து ஏமாற்றிவிட்டார் என்று சொல்லிச் சிரித்தார்.

அந்தத் திருவிவிலியத்தில் தோபித்து உள்ள பக்கங்கள் மட்டும் இப்போதும் தாமாகத் திறக்கின்றன. கைப்பேசியில் எல்லாம் இருக்கிறது என்கிறீர்கள். இருக்கலாம். இப்படித் தானாகத் திறக்கும் இடம் அதில் எங்கே இருக்கிறது?

செப்டம்பர் 17

பதினொன்று. மகன் நேற்றுத் திருப்பூரிலிருந்து வந்தபோது பையில் ஒரு சிறிய கிதியோன் புதிய ஏற்பாடு இருந்தது. பனியன் சரக்கு விற்க வடக்கே போனபோது தங்கிய விடுதியிலிருந்து எடுத்து வந்ததாகச் சொன்னான். கிதியோன் என்பது விடுதிகளில் வேதாகமங்களை வைக்கும் சங்கம். வணிகத்துக்காக ஊர் ஊராகப் போன மூவர் 1899இல் அமெரிக்காவில் தொடங்கியது என்பதால், பனியன் வியாபாரியிடம் வந்து சேர்ந்தது பொருத்தந்தான். ஆனாலும் கேட்காமல் எடுத்தது களவு ஆகுமே என்று நான் சொன்னேன். 'எட்டாம் கட்டளையைப் பார்' என்றேன். 'களவு செய்யாதிருப்பாயாக என்பது ஏழாம் கட்டளை' என்று சமையலறையிலிருந்து மனைவி திருத்தினார். எங்கள் எண்ணிக்கை வேறு, அவர்கள் எண்ணிக்கை வேறு. ஏழா எட்டா என்று அரை மணி நேரம் நடந்த வாதத்தில் எடுத்தவன் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டான். புத்தகம் இங்கேயே இருக்கிறது.

செப்டம்பர் 24

அம்மாவின் வேதாகமத்தை இன்று முழுவதும் புரட்டினேன். அம்மா ஓரத்தில் எதையும் எழுதமாட்டார். அடிக்கோடு இடுவதும் மரியாதைக் குறைவு என்பார். மாறாக, உள்ளே எதையாவது வைப்பார். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டைகள், பேருந்துச் சீட்டுகள், ஒரு மயிலிறகு, என் தம்பியின் முதல் வகுப்பு மதிப்பெண் அட்டை. இவற்றுள் 37ஆம் சங்கீதத்தில் ஓர் அடகுச் சீட்டு இருந்தது. அம்மாவின் இரண்டு வளையல்கள். மீட்டதற்கான அடையாளம் அதில் இல்லை. அந்தச் சங்கீதத்தின் 21ஆம் வசனம், 'துன்மார்க்கன் கடன்வாங்கிச் செலுத்தாமற்போகிறான்' என்று தொடங்குகிறது.

வேண்டுமென்றே அங்கே வைத்தாரா, கைக்கு வந்த பக்கத்தில் செருகினாரா என்று தெரியவில்லை. சீட்டில் உள்ள மாதத்தை வைத்துப் பார்த்தால் அது என் கல்லூரிக் கட்டணத்துக்கான காலம். அப்பாவிடமும் இதை அம்மா சொல்லியிருக்கமாட்டார் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் இன்று எழுத விருப்பமில்லை.

செப்டம்பர் 25

கேட்டவருக்கு ஒரு நடைமுறைச் செய்தி. கொடுப்பதற்கு முன் ஒவ்வொரு வேதாகமத்தையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக மெதுவாக உதறிப் பாருங்கள். பிறகு குடும்பப் பதிவுத் தாளைப் பாருங்கள். எங்கள் வீட்டில் அப்பாவின் பிறந்த நாள் அப்பாருவின் பைபிளில் ஒரு தேதியாகவும் அப்பாவின் பைபிளில் அவர் கைப்பட வேறொரு தேதியாகவும் இருக்கிறது. பள்ளிச் சான்றிதழில் இரண்டும் இல்லை, ஜூன் 1 இருக்கிறது. ஓய்வூதியம் ஜூன் 1இன்படி வந்தது. மூன்றில் எதை நம்புவது என்றால், தகப்பன் எழுதியதை நம்புகிறேன். பிறந்தவனுக்கு அன்று எழுதத் தெரியாது.

அக்டோபர் 2

பழையவற்றைப் பவானி கூடுதுறையில் விட்டுவிடலாம், சாமி படங்களை அப்படித்தான் செய்கிறோம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். நல்ல மனத்தோடு சொன்னது. ஆனால் கீழே வரும் தண்ணீரில் ஏற்கெனவே சாயக் கழிவு கலந்திருக்கிறது, சங்கீதங்களும் சேர வேண்டாம். எங்களில் சிலர் இறந்தவரின் பெட்டிக்குள் அவருடைய பைபிளை வைத்துவிடுவது உண்டு. அம்மாவைப் பெற்ற அம்மாயிக்கு அப்படித்தான் செய்தோம். அன்று அது சரியாகத் தோன்றியது. அம்மாயியின் ஊரைப் பற்றி எதையாவது அறிய விரும்பும்போதெல்லாம் அந்தப் பைபிளைத்தான் கை தேடுகிறது. ஆகவே என் கணக்கில் அதையும் சேர்த்துப் பன்னிரண்டு என்று எழுதலாம். கணக்கர் என்ற முறையில் இல்லாத சரக்கை இருப்பில் காட்டக் கூடாது, அதனால் பதினொன்றிலேயே நிறுத்துகிறேன்.

வைத்துக்கொள்பவர்களுக்கு: அந்துருண்டையைவிட வசம்பும் காய்ந்த வேப்பிலையும் நல்லவை. அந்துருண்டையின் வாடை தாளில் ஏறிவிடும். திருமணத்தில் கொடுத்த பைபிளைத்தான் நாங்கள் பத்திரமாகக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தோம். ஒருவரும் திறக்காத அதைத்தான் இராமபாணப் பூச்சி துளைத்திருக்கிறது. நாள்தோறும் கைபட்டவற்றில் ஓட்டை இல்லை. முதலியாருக்கு இதில் அளவற்ற மகிழ்ச்சி, இராமபாணம் குறி தவறாது என்கிறார்.

அக்டோபர் 9

கருமத்தம்பட்டிச் செபமாலை மாதா தேருக்குப் போயிருந்தோம். திரும்பும் வழியில் தாராபுரத்திலிருந்து வந்திருந்த என் அக்காவைப் பார்த்தேன். செப்டம்பர் 9ஆம் நாள் குறிப்பைப் பேரன் அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். 'மழை இல்லை என்று யார் சொன்னது? அன்றைக்கு மழை வந்ததே' என்றார் அக்கா. அப்பாரு காங்கேயத்திலிருந்து தொப்பலாக நனைந்து வந்ததாகவும், பைபிளை வேட்டிக்குள் சுற்றிக் கொண்டுவந்ததாகவும், அப்பாருவின் மனைவியான ஆத்தா அதை அடுப்பு மேட்டில் வைத்து உலர்த்தியதாகவும் ஆத்தாவே சொல்லித் தான் கேட்டதாகச் சொல்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் எடுத்துப் பார்த்தேன். அந்த வசனம் வலப்பக்கத் தாளில் இருக்கிறது. ஓரத்தில் எஞ்சியிருப்பது 'காங்கேயம், மழை' என்பது மட்டுமே. அதன் பிறகு இருந்ததை இயந்திரம் வெட்டிவிட்டது. 'இல்லை' என்று நான் உறுதியாக எழுதியது என் நினைவிலிருந்து. அந்த நினைவு அப்பாருவின் எழுத்தைப் பார்த்த நினைவா, எங்கள் பக்கத்துப் பஞ்சத்தையெல்லாம் பார்த்த நினைவா என்று இப்போது எனக்கே ஐயமாக இருக்கிறது.

அக்டோபர் 10

தண்ணீர்க் கறை இருந்தால் அக்கா சொல்வது உறுதிப்படுமே என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். கறை இருக்கிறது. சாமுவேலின் இரண்டாம் புத்தகத்தில் தொடங்கி, இராஜாக்கள் முழுவதும் பரவி, நாளாகமத்தில் மறைகிறது. ஆனால் நான் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் ஓட்டு வீடு ஒழுகி, பைபிள் இருந்த மாடம் நனைந்ததும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எந்தத் தண்ணீர் எந்தக் கறை என்று பிரித்துச் சொல்ல இயலாது.

அக்டோபர் 15

கேள்வி கேட்டவர் மூன்றை வைத்துக்கொண்டு, மூன்றை ஒரு கிராமத்துச் சபைக்குக் கொடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். உதறிப் பார்த்ததில் ஒன்றிலிருந்து அவருடைய அம்மாவின் பழைய நிழற்படம் விழுந்ததாம். நல்லது.

எங்கள் வீட்டில் எதையும் கொடுக்கவில்லை. வெட்டுண்ட எழுத்துகளைப் பென்சிலில் நிரப்பிவிடலாம் என்று நேற்று உட்கார்ந்தேன். 'ஊத்துக்குளி'யையும் 'பெருந்துறை'யையும் சரி செய்வது எளிதாக இருந்தது. இராஜாக்கள் 18க்கு வந்ததும், 'என்ன எழுதப் போறீங்க?' என்று மனைவி கேட்டார். பென்சிலைச் சீவிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். 'மழை' என்பதோடு அந்த ஓரம் அப்படியே இருக்கிறது.